மீன் காட்டுகிறேன் வா

"அப்போ இன்னிக்கி நீ பூசைக்குப் போவல?"

"போவல."

"சாமியாரு கேட்டா?"

"கேக்கட்டும். மாதாவே மூணு நாளு புள்ளயக் காணோம்னு தெருத்தெருவா தேடினவங்கதான். என் வயித்தெரிச்சல் அவுங்களுக்குப் புரியும். நீ அந்தத் தேங்காயத் திருவிக் குடு நாகவல்லி."

சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த நாகவல்லி தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டாள். ஆவடி குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக் கொல்லைக்கு நடுவே நெஞ்சுயரத்துக்கு ஒரு சுவர்தான். அதன் மேல் எப்போதும் ஒரு சோப்புப் பெட்டியும் கொஞ்சம் முருங்கைக் கீரையும் யாரோ ஒருவருடைய கிண்ணமும் இருக்கும். யாருடைய கிண்ணம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஜெயகுமாரி அம்மி முன்னால் குந்தி மிளகாயும் தனியாவும் அரைத்துக்கொண்டிருந்தாள். மே மாத வெயில் அந்தக் காலை நேரத்திலேயே தகரக் கூரை மேல் ஏறிவிட்டிருந்தது. மூக்கு நுனியில் வேர்வை தொங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி குழவியை இழுத்தாள்.

"எனக்கு இன்னும் புரில ஜெயா. கறிக்கொயம்பு வெக்கிற, சோறு வடிக்கிற, ரசம் வெக்கிற. அப்பறம் ஓடப் போறேன்ற. ஓடறவ எவளாச்சும் விருந்து ஆக்கி வெச்சிட்டு ஓடுவாளா?"

"ஓடல. போறேன். சாயங்காலம் வந்துடுவேன். எங்க ஓரகத்தி சோறு தண்ணி இல்லாம திரும்பிப் போனான்னு ஒரு பேச்சு வரக் கூடாது. குடுக்க வேண்டியது சட்டியில கீது. குடுக்கக் கூடாதது என் கூட வருது."

"உங்க ஊட்டுக்காரரு?"

"அண்ணனையும் அண்ணியையும் கூட்டியார பஸ் ஸ்டாண்டுக்குப் போவாரு. அந்த நேரம்தான் எனக்கு."

"வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"மீன் பாக்கப் போயிருக்கான்னு சொல்லு. பொய் ஒண்ணும் இல்லியே."

நாகவல்லி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் துருவப் போனாள்.

விஷயம் பழையது. சின்ன மகள் பிலோமினா பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கியது. மாமனார் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து, பூந்தமல்லி பக்கம் நூம்பலில் இருந்த அவர் வீட்டில் பந்தல் போட்டுப் பந்தி நடந்தது. ஜெயகுமாரி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அடுப்படியில் உட்கார்ந்து பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பந்தலில் அவள் கணவன் இக்னேஷியஸும் அவனுடைய அண்ணன் சத்தியராஜும் அருகருகே இலையில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியராஜ் அப்பாவை நினைத்து அழுதார். அழுதுகொண்டே, தனக்குப் பிறகு இந்த வீட்டில் விளக்கேற்ற ஓர் ஆள் இல்லையே என்றார். அவருக்கும் ஞானம்மாளுக்கும் கல்யாணமாகி வெகு காலமாகியும் குழந்தை இல்லை. அந்த அழுகையைத் தாங்க முடியாமல் இக்னேஷியஸ் அண்ணன் கையைப் பிடித்து, "ஏன் அய்வுற? பொறக்கப்போறது உனக்குத்தாண்ணே" என்று சொல்லிவிட்டான். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பங்குச் சாமியார்கூட நல்ல மனசு என்று தலையாட்டினார்.

அடுப்படிக்கு அந்தச் செய்தி பாயசத்துக்குப் பிறகுதான் வந்தது. "நான் மாவு பெசஞ்சிகினு இருக்கேன், என் வவுத்துல கீறத அவரு பந்தியில பரிமாறிட்டாரு" என்று ஜெயகுமாரி பின்னால் நாகவல்லியிடம் சொன்னாள். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. துக்க வீடு. சொல்லிய சொல் தானாகக் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

உதிரவில்லை. இந்த ஜூனில் பிலோவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பூந்தமல்லியில் தன் பெயரை இனிஷியலாகப் போட்டுச் சேர்ப்பதாகச் சத்தியராஜ் சொல்லியனுப்பினார். மூத்தவள் ஸ்டெல்லா உங்களுக்கு, சின்னவள் எங்களுக்கு, பேச்சு பேச்சுதானே என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஞானம்மாள் தனியாக வந்தாள். கனகாம்பரமும் கொய்யாவும் கொண்டு வந்தாள். பிலோவை மடியில் வைத்துக்கொண்டு தலை பின்னிவிட்டாள்.

"மெட்ராஸ்ல மீன் ஊடு ஒண்ணு கீது தெரியுமா? ஊடு பூரா தண்ணி. ஜன்னலுக்கு ஜன்னல் மீனு. குதிர மாதிரி மீனு, பந்து மாதிரி மீனு."

"மீனு கதவத் தொறந்துகினு வருமா பெரிமா?"

"வராது. நாமதான் போய்ப் பாக்கணும். வர்ற ஞாயித்துக்கிழம பெரிமா கூட வர்றியா? மீன் காட்டறேன்."

அன்றிலிருந்து வீட்டில் மீன் தவிர வேறு பேச்சு இல்லை. வியாழக்கிழமை அலமாரியைத் திறந்த ஜெயகுமாரி ஒரு துணிப்பை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். உள்ளே பிலோவின் இரண்டு கவுன், ஒற்றைக் கொலுசு, ரப்பர் செருப்பு, பாதி தின்ற பிஸ்கெட். நாலு வயதுப் பிள்ளை தானே மூட்டை கட்டி வைத்திருந்தது. ஜெயகுமாரி பையை இருந்த இடத்திலேயே வைத்து அலமாரியைச் சாத்தினாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இக்னேஷியஸிடம் கேட்டாள்.

"உன் வாயால குடுத்த. சரி. என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"இன்னாடி இப்போ? நூம்பல் இன்னா அமெரிக்காவுலயா கீது? சைக்கிள மெரிச்சா வந்துர்லாம்."

"சைக்கிள மெரிச்சிப் போய்ப் பாக்கறதுக்கு அவ உன் சித்தப்பா ஊட்டு ஆடா?"

"அண்ணன் அய்துச்சி ஜெயா. நீ பாக்கல. எங்க அப்பா செத்ததுக்குக்கூட அப்படி அய்வல."

"நான் அய்தா பாப்பியா?"

அவன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். டாங்கி செய்யும் ஃபேக்டரியில் பெயிண்ட் ஷாப் வேலை. எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் பச்சை போகாது. ஊரிலுள்ள எல்லாருக்கும் உள்ளங்கை வெளுப்பு, தனக்கு மட்டும் பாசி என்று அவனே கேலி செய்துகொள்வான். நல்ல மனிதன்தான். யார் அழுதாலும் கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவான். கையில் இருப்பது யாருடையது என்று பார்க்க மாட்டான்.

"குடுத்த வாக்க எப்படி ஜெயா திருப்பி வாங்கறது? அண்ணன் மூஞ்ச எப்படிப் பாக்கறது?" என்றான்.

அவளுக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. மீனைக் காட்டித்தானே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்? அந்த மீனை முதலில் நான் காட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறியபோது பிலோ பையை மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் துணிப்பைதான். வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரே அழுகை. ஜெயகுமாரியின் கூடையில் புளிச்சோறும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. கணவன் இல்லாமல் அவள் தனியாகப் போன தூரம் அதிகபட்சம் அம்பத்தூர். அதற்கு அப்பால் பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறங்கிவிடு இறங்கிவிடு என்றது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்டவாளத்தின் ஓரத்தில் எருக்கஞ்செடிகள் ஓடின. ஃபேக்டரிச் சுவர்கள் முடிந்து குட்டைகள் வந்தன. குட்டையில் வெயில் விழுந்து, யாரோ கண்ணாடிகளைத் தரையில் பரப்பிவிட்டுப் போனது போல் தெரிந்தது.

எதிரில் கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிலோவைப் பார்த்து, "பைய இறுக்கிப் புடிச்சிகினு யாரு ஊட்டுக்குப் போற கண்ணு?" என்றாள்.

"மீனுங்க ஊட்டுக்கு."

"அங்க உனுக்கு இன்னா குடுப்பாங்க?"

பிலோ யோசித்தாள். "தண்ணி."

பெட்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜெயகுமாரிக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. இனிமேல் எந்த ஸ்டேஷனிலும் இறங்கப் போவதில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறுதியாயிற்று.

சென்ட்ரலில் இறங்கிக் கேட்டுக் கேட்டுப் பல்லவன் பஸ் பிடித்தாள். "மீன் காட்சிசாலையாண்ட எறக்கி உட்ருங்க" என்றதும் கண்டக்டர், "மீன் பாக்கவா, வாங்கவா? வாங்கறதுன்னா நொச்சிக்குப்பம் போம்மா, அங்க சல்லிசு" என்றார்.

"பாக்கத்தான். வாங்குன மீன் எங்க ஊட்ல நெறைய கீது" என்றாள் ஜெயகுமாரி.

கடற்கரைச் சாலையோரம் இருந்தது அந்தக் கட்டடம். வெளியே பார்த்தால் ரேஷன் கடை மாதிரி இருந்தது. இரும்புக் கேட், அதன் பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் சின்ன ஜன்னல். உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று அறுந்தது. கண் பழக நேரமாயிற்று. பிறகு இருட்டின் இரண்டு பக்கமும் பச்சைப் பச்சையாக ஜன்னல்கள் எரிவது தெரிந்தது. எங்கோ ஒரு மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் குமிழிகள் சரம் சரமாக ஏறி மேலே போய்க் காணாமல் போயின. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஆனாலும் உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கோயிலில் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

பிலோ வாயைத் திறந்தபடி நின்றாள். பை கை நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"ம்மா. நைனா கலரு."

"எது?"

"தண்ணி. நைனா வெரலு கலரு."

ஜெயகுமாரி பையை எடுத்துத் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தார்கள். ஒரு தொட்டியில் சிங்கி இறால் மீசையை ஆட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் வாடகை கேட்க வந்தது போல் முன்னும் பின்னும் நடந்தது. ஒன்றில் கடல் குதிரைகள் வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றன. திருக்கை மணலோடு மணலாகக் கிடந்து கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தது. ஒரு தொட்டியில் விளக்கும் தண்ணீரும் குமிழியும்தான் இருந்தன, மீன் இல்லை. பிலோ அந்தத் தொட்டி முன்னால்தான் வெகு நேரம் நின்றாள்.

"இதுல ஒண்ணுமில்லடி. வா."

"கடைக்குப் போயிருக்கும். வரும்."

பேத்தை மீன் தொட்டிக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம். அதில் ஓர் ஆள் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டாதீர்கள் என்று எழுதியிருந்த பலகை அவர் தோளுக்குப் பக்கத்தில் தொங்கியது. மீன் ஓர் ஓரத்துக்கு ஒதுங்கிற்று. அவர் அந்த ஓரத்துக்குப் போய்த் தட்டினார். ஒதுங்க இடமில்லாமல் போனதும் அந்தச் சின்ன மீன் மளமளவென்று ஊதிப் பந்தாகிவிட்டது. முள்ளெல்லாம் வெளியே நின்றது. உடம்பு மொத்தத்தையும் ஒரு மறுப்பாக ஆக்கிக்கொண்டு, சின்ன வாயை இறுக்கி மூடியபடி மிதந்தது.

குடும்பம் கைதட்டியது. "பாத்தியா, பாத்தியா, இன்னொரு தபா தட்டுப்பா!"

"தட்டாதீங்க" என்றாள் ஜெயகுமாரி.

அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இன்னாம்மா?"

"அது ஊடு. உங்க ஊட்டுக் கதவ ஒருத்தன் நாள்பூரா தட்டிகினே இருந்தா சும்மா இருப்பீங்களா?"

இருட்டில் யாரோ "அதானே" என்றார்கள். அந்த ஆள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். தன் குரல் அந்த இருட்டில் அவ்வளவு கணீரென்று கேட்டது ஜெயகுமாரிக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தக் குரல் முப்பதாம் நாள் பந்தலில் எங்கே போயிருந்தது என்று நினைத்தாள்.

"ம்மா, பெரிமா கூட வந்தா வேற மீனா?" என்றாள் பிலோ.

"இதே மீன்தான். யாரு கூட வந்தன்னு மீனுக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியணும்."

பேத்தை மெதுவாகச் சுருங்கிப் பழையபடி ஆவதைப் பார்க்க ஜெயகுமாரி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. வெளியே, கடல் பக்கமிருந்து, நீளமாக, அடித்தொண்டையில். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த ஏதோ ஒரு கப்பலின் சங்கு. கண்ணாடிகள்கூட லேசாக அதிர்ந்தன. கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஜெயகுமாரி நிமிர்ந்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை.

"பிலோ!"

சிங்கி இறால் தொட்டியில் இல்லை. கடல் குதிரையிடம் இல்லை. மீனில்லாத தொட்டி முன்னால் வேறு யாரோ பிள்ளை. பச்சை வெளிச்சத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே முகமாக இருந்தது. அவள் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினாள். கூடை எதிலோ மாட்டிக் கிழிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நூம்பலுக்கே கொடுத்திருந்தால் எங்கேயாவது உயிரோடு இருக்குமே என்று நெஞ்சு சொன்னது. அந்த நினைப்புக்காக நெஞ்சிலேயே ஓங்கிக் குத்திக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. கண் கூசக் கூசப் பார்த்தாள்.

பிலோ இரும்புக் கேட்டின் கீழ்க் கம்பியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்து, கழுத்தை நீட்டி, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவடியில் ஃபேக்டரிச் சங்கு ஊதினால் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடும். சங்கு நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மணி அடித்துக்கொண்டு சைக்கிள்கள் வெள்ளமாக வரும். எல்லாச் சட்டையும் காக்கி, எல்லா முகமும் புழுதி. அதிலும் தன் அப்பா எது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். பிலோ கேட்டின் கீழ்க் கம்பியில் ஏறி நிற்பாள். இக்னேஷியஸ் அவளைத் தூக்கிச் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்துத் தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வருவான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் சாயங்காலம்.

"இங்க இன்னாடி பண்ற?" என்றாள் ஜெயகுமாரி.

"சங்கு ஊதிச்சி இல்ல. நைனா வருவாரு."

சாலையில் கார்களும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. பிலோ ஒவ்வொன்றையும் பார்த்தாள். சைக்கிள் ஒன்றும் வரவில்லை. அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வரும் என்றே நின்றாள். ஜெயகுமாரி அவளை இறக்கவில்லை. தானும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கும் வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். இதற்கு மேல் தனக்கு வேறு சாட்சி எதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

பிறகு மணலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றார்கள். காற்று சோற்றில் மணலைத் தூவியது. பிலோ தூங்கிப் போனாள்.

தோளில் தூங்கும் பிலோவோடு ஆவடிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்து, தெருவில் தண்ணீர் தெளித்த வாசனை எழுந்திருந்தது. வாசற்படியில் சத்தியராஜ் உட்கார்ந்திருந்தார். ஞானம்மாள் உள்ளே நாற்காலி நுனியில். மடியில் புதுக் கவுன் ஒன்று அட்டைப் பெட்டியோடு. ஸ்டெல்லா நாகவல்லி வீட்டு ஜன்னலில் தெரிந்தாள். இக்னேஷியஸ் தெருமுனை வரை ஓடி வந்தான்.

"எங்கடி போன? நான் எங்கெங்க தேடறது? மூஞ்சக் காட்ட முடியல என்னால!"

"நாகவல்லி சொல்லல?"

"மீன் பாக்கப் போயிருக்கன்னா! இன்னா வெளாட்டு இது?"

"வெளாட்டு இல்ல. சாப்ட்டீங்களா எல்லாரும்?" என்றபடி வாசலுக்கு வந்தாள் ஜெயகுமாரி.

"கொயம்பு நல்லா இருந்திச்சிம்மா" என்றார் சத்தியராஜ், தன்னை அறியாமல். உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த அக்கா மட்டும் சாப்டல" என்றாள் நாகவல்லி, ஸ்டெல்லாவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி.

ஜெயகுமாரி உள்ளே போய்ப் பிலோவைப் பாயில் கிடத்திவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். அதிலிருந்து துணிப்பையை எடுத்து, கவுன்களை உதறி, ஒவ்வொன்றாக அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்து முடித்துவிட்டு ஞானம்மாளுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"மீன நானே காட்டிட்டேங்க்கா."

ஞானம்மாளின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. "நான் கொயந்தய ஏமாத்தணும்னு சொல்லல ஜெயா. சத்தியமா காட்டலாம்னுதான் இருந்தேன். கட்டில்கூட செஞ்சி வெச்சிட்டேன். சின்னக் கட்டிலு."

"தெரியும்க்கா. உங்க மேல எனக்குக் கோவமில்ல. நீங்க கேட்டீங்க. கேக்கறது தப்பில்ல. குடுத்தவருதான் அவருது இல்லாதத குடுத்துட்டாரு."

"ஜெயா..." என்றான் இக்னேஷியஸ்.

"இரு. அங்க கப்பலு சங்கு ஊதிச்சி. இவ கைய உட்டுட்டு ஓடிட்டா. எனக்கு உசுரு போயிருச்சி. எங்க நின்னா தெரியுமா? கேட்டுக் கம்பி மேல. நைனா வருவாருன்னு. ஊரு தெரியாது, தெரு தெரியாது. எங்க சங்கு ஊதினாலும் நீ வருவன்னு நெனச்சிகினு கீது இந்தப் புள்ள. நூம்பல்ல எந்தச் சங்கு ஊதும்? அங்க இவ யாருக்காக ஓடுவா?"

சத்தியராஜ் தோள் துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "தம்பி, நீதான் சொல்லணும்" என்றார், தரையைப் பார்த்து. "பந்தியில சொன்னவன் நீ."

இக்னேஷியஸ் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு அண்ணி மடியில் இருந்த கவுனைப் பார்த்தான். அண்ணி அழுவதைப் பார்த்ததும் அவன் உதடு துடித்தது. அந்தத் துடிப்பு ஜெயகுமாரிக்குத் தெரியும். அடுத்து அது எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியும். அவள் நகர்ந்து வந்து அவனுக்கும் ஞானம்மாளுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

தூக்கம் கலைந்த பிலோ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தாள். நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நைனா, மீனுங்க உன் கலரு தண்ணியிலதான் கீது. நான் பாத்தேன்." கொட்டாவி விட்டாள். "அங்க நீ வரவேல்ல. நாளைக்கி சங்கு ஊதறப்போ நான் நம்ம கேட்டாண்டயே நிக்கறேன். என்னத் தூக்கி ஒக்கார வெச்சிகினு ரெண்டு சுத்து சுத்துறியா?"

இக்னேஷியஸ் மறுபடி அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

"கொயந்த கேக்குது இல்ல" என்றாள் ஜெயகுமாரி. "அன்னிக்கி எல்லார் எதுர்லயும் சொன்னியே. இன்னிக்கியும் எல்லார் எதுர்லயும் சொல்லு."